பல்லுக்குள் பூச்சி

'அண்ணாமலைக்கு அரோகரா!' என்று லட்சக்கணக்கான வாய்கள் ஒரே சமயத்தில் திறக்கிற ஊர் நமது திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை மலையுச்சியில் ஜோதி தெரிந்தவுடன் எல்லாருடைய கண்களும் மேலே போகும். எல்லாருடைய வாயும் திறக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மலையைப் பார்க்க வேண்டும், 217 அடி உயர ராஜகோபுரத்தைப் பார்க்க வேண்டும். இவ்வூரிலேயே குடியிருக்கிற நமக்கோ வருகிறவர்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. திறந்த வாய்களை இவ்வளவு மொத்தமாகப் பார்க்கும் பாக்கியம் வேறு ஊர்க்காரர்களுக்குக் கிட்டுமா என்பது சந்தேகமே.

அந்த வாய்களில் தெரிவது என்ன? கறுத்த பற்கள், பாதி கரைந்த பற்கள், பல் இருந்த இடத்தில் வெற்றிடம். ஐந்து வயதுக் குழந்தையின் முன்பற்கள் பழைய ஓலைக் கீற்றின் நுனி மாதிரி தேய்ந்திருக்கின்றன. நாற்பது வயது மனிதர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறார். முழங்கால் வலி, கண்ணில் திரை, சர்க்கரை வியாதி முதலியவற்றைப் பற்றி யாத்ரிகர்கள் கிரிவலப் பாதை நெடுகிலும் பேசிக்கொண்டு போகிறார்கள். பல்லைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. மழை பெய்வதைப்போல, வெயில் காய்வதைப்போல, பல் விழுவதும் இயற்கை என்று ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

உலகம் முழுவதுமே இந்தத் தீர்மானம்தான் போலும். உலக சுகாதார நிறுவனம் 2022-ம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில், வாய் நோய் உள்ளவர்கள் உலகத்தில் சுமார் 350 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருக்கிறது. பாற்பல் சொத்தையான குழந்தைகள் மட்டும் 51 கோடிக்கு மேல். இவ்வளவு பேருக்கு வருகிற வியாதி. ஆனால் பெரும்பாலும் வராமல் தடுக்கக்கூடிய வியாதி. ஆகையால் அதைப் பற்றிக் கொஞ்சம் விசாரிப்பது வீண் வேலையாகாது.

*

விசாரணையைப் பூச்சியிலிருந்து ஆரம்பிப்போம். நமது வீடுகளில் 'சொத்தைப் பல்' என்பதற்கு இன்னொரு பெயர் 'பூச்சிப் பல்' அல்லவா? பல்லுக்குள் ஒரு புழு புகுந்து குடைகிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை. அந்தப் புழுவை வெளியே எடுத்துக் காட்டுகிற ஆசாமிகளும் உண்டு. ஒரு திருவிழாக் கூட்டத்தில், தேரடி வீதி ஓரத்தில், அப்படி ஒருவர் கடை விரித்திருந்ததை நாம் நின்று பார்த்தோம். சட்டியிலே நெருப்பு; அதில் கண்டங்கத்திரி விதை. எழுகிற புகையை ஒரு குழாய் மூலம் வாயில் பிடிக்கச் செய்தார். பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். தண்ணீரில் வெள்ளை வெளேரென்று சிறு சிறு புழுக்கள்! பல்வலிக்காரியான கிராமத்து அம்மாளின் முகத்தில் வியப்பும் அருவருப்பும் ஆனந்தமும் ஒருங்கே தோன்றின. முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சூட்டில் வெடிக்கிற விதைக்குள்ளிருந்து தெறிக்கும் வெள்ளை முளைதான் அந்தப் 'புழு'. புகை படுவதால் வலி சற்று மரத்துப் போகலாம்; சொத்தை இருந்த இடத்தில் இருக்கும். இந்த வித்தை நமது நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதே புகையைப் போட்டு, இதே புழுவைக் காட்டியிருக்கிறார்கள். வீணைபோன்ற வாத்தியத்தின் தந்தியைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் போட்டுப் புழுவென்று ஏமாற்றிய எத்தர்களைப் பற்றி 1597-ல் ஜான் ஜெரார்டு என்ற ஆங்கிலேய மூலிகை ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பழைய பாபிலோனியர்களும் பல் புழுவை நம்பினார்கள். நமது சுசுருதரும் 'கிருமிதந்தம்' என்றே இந்நோய்க்குப் பெயர் வைத்தார்.

புழு இல்லை என்று தைரியமாகச் சொன்னவர்களில் ஒருவர் பியேர் போஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர். தேடிப் பார்த்தும் தமக்கு ஒரு புழுவும் அகப்படவில்லை என்று 1728-ல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதற்கு 45 வருஷங்களுக்கு முன்பே பல்லில் ஜீவராசிகளைக் கண்ட மனிதர் ஒருவர் இருந்தார். ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் ஜவுளி வியாபாரம் செய்த ஆண்டனி வான் லீவன்ஹூக் என்பவர் அவர். தம் கையாலேயே தேய்த்துச் செய்த கண்ணாடியில், தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்மையான மாவுபோன்ற பொருளை வைத்துப் பார்த்தார். அதில் எண்ணற்ற சின்னஞ்சிறு பிராணிகள் ஓடியும் சுழன்றும் ஆடிக்கொண்டிருந்தன. ஆயுளில் பல்லே துலக்காத ஒரு கிழவரின் வாயிலும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம். இவற்றையெல்லாம் 1683-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

ஆகவே, பல்லுக்குள் உயிர் இருக்கிறது என்று சொன்ன நம் பாட்டிமார்களின் வாக்கு முழுப் பொய்யல்ல. புழு என்றதுதான் பிசகு. வெளியிலிருந்து வந்து புகுந்தது என்று எண்ணியது அதைவிடப் பெரிய பிசகு. அவை வெளியார் அல்ல. நம் வாயிலேயே பரம்பரையாகக் குடியிருப்பவை. மனிதர்களின் வாய்களில் இதுவரை சுமார் 700 வகைக் கிருமிகளை இனங்கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை சாதுக்கள், வெளிக் கிருமிகளுக்கு இடம் கொடாமல் நமக்கு உபகாரமும் செய்கின்றன. இந்தக் குடித்தனக்காரர்களை விரோதிகளாக்குவது யார் என்பதுதான் கேள்வி.

*

அந்தக் கேள்விக்கு விடை காண வழி காட்டியவர் வில்லபி மில்லர் என்ற அமெரிக்கர். பெர்லினில் கிருமி சாஸ்திரத்தின் தந்தையரில் ஒருவரான ராபர்ட் காக் அவர்களின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தவர். பிடுங்கிய பல்லை ரொட்டியோடும் உமிழ்நீரோடும் சேர்த்து, உடம்பின் சூட்டில் வைத்துப் பார்த்தார். கிருமிகள் உணவைத் தின்று அமிலத்தை உண்டாக்கின. அந்த அமிலம் பல்லைக் கரைத்தது. 1890-ல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பிறகு 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று நாமகரணம் செய்தார். சொத்தை விஷயத்தில் முக்கியமான குற்றவாளிகளில் இது ஒன்று.

இதன் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். வெல்லத்திலும் சீனியிலும் இருக்கிற கரும்புச் சர்க்கரை கிடைத்துவிட்டால் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒரு பங்கைத் தின்று அமிலமாக்குகிறது. இன்னொரு பங்கைப் பசையாக மாற்றிப் பல்லின்மேல் பூசிக்கொள்கிறது. அந்தப் பசைக்குள் கிருமிகள் கூட்டங்கூட்டமாக வீடு கட்டிக்கொள்கின்றன. காலையில் நாக்கால் தடவினால் பல்லின்மேல் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்படுகிறதே, அதுதான் அந்தக் குடியிருப்பு. கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் நமது உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். அண்ணாமலைப் பாறைபோல உறுதி. ஆனால் எலுமிச்சம்பழச் சாறு பட்ட சுண்ணாம்புக் கல்லைப்போல அமிலத்துக்குப் பயப்படும். புளிப்பை ரசாயன சாஸ்திரிகள் 'பி.எச்.' என்ற கணக்கில் அளக்கிறார்கள். நடுநிலை 7; குறையக் குறையப் புளிப்பு ஏறும். வாயில் அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. ஒரு மிட்டாய் வாயில் போட்ட சில நிமிஷங்களுக்குள் அந்த இறக்கம் நேர்ந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை பிடிக்கும். திருப்பிக் கொண்டுவரும் புண்ணியவான் நமது உமிழ்நீர். அமிலத்தை முறிப்பதோடு நில்லாமல், தன்னிடமுள்ள கால்ஷியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு, கரைந்த இடத்தைச் சிறிது சிறிதாகப் பூசியும் வைக்கிறது. பல்லில் நாள் முழுதும் நடப்பது இந்தக் கரைதலும் பூசுதலுமே. கரைதல் மிஞ்சினால் சொத்தை.

இனி நமது கிரிவலப் பாதைக்கு வருவோம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்கிறவர்கள் வழியெங்கும் நிற்கிறார்கள். இந்திரலிங்கம் தாண்டினால் பானகம். அக்னிலிங்கம் வந்தால் சர்க்கரைப் பொங்கல். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் கேசரி. பிறகு ஒருவர் இனிப்புப் பாலை நீட்டுவார். வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நடக்கிறவருக்குப் பசியாறுகிறது. அவர் வாயிலிருக்கிற கிருமிகளுக்கோ இரவெல்லாம் அன்னதானம்! ஒரு முறை உண்ட சர்க்கரையின் புளிப்பை உமிழ்நீர் முறித்து முடிப்பதற்குள் அடுத்த கவளம் வந்துவிடுகிறது. பூசுவதற்கு நேரமே இல்லை. கரைதல் மட்டும் தொடர்ந்து நடக்கிறது.

மாதம் ஓரிரவு இப்படி நடந்தால் பாதகமில்லை. ஆனால் நம் வீடுகளில் தினந்தோறும் ஒரு கிரிவலம் நடக்கிறதே, அதுதான் ஆபத்து. காலையில் சீனிக் காப்பி, பத்து மணிக்கு பிஸ்கோத்து, பள்ளிக்கூடம் விட்டதும் மிட்டாய், மாலையில் மறுபடி காப்பி, படுக்கப் போகும்போது சர்க்கரைப் பால். எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை தின்றோம், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டியிருந்தது என்பதே இங்கே பெரிய கணக்கு. சாப்பாட்டோடு நாலு லட்டு தின்றவனை விட, அந்த நாலையும் மணிக்கு ஒன்றாகத் தின்றவனுக்கே பல் அதிகமாகக் கரையும்.

இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்ட கதை மனத்தை வருத்துவது. ஸ்வீடன் தேசத்தில் விபெஹோல்ம் என்ற இடத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1945-க்குப் பிறகு சில வருஷங்கள் அங்கிருந்தவர்களுக்குப் பலவிதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் ஏறவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டுகிற மிட்டாய் உண்டவர்களின் பற்கள் நாசமாயின. சம்மதம் கேட்டாலும் சொல்லத் தெரியாத ஏழைகளின் வாயைக் கெடுத்துக் கற்ற பாடம் இது. 1954-ல் முடிவுகள் வெளியாயின.

*

நம் தமக்கையார் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சாஸ்திரம் இன்னும் நன்றாக விளங்கும். அவருடைய பேரனுக்கு வயது நாலு. சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தால்தான் தூங்குவான். மேல்வரிசை முன்பற்கள் பழுப்பாகிப் பிறகு கறுத்தன. "விழுந்து முளைக்கிற பல்தானேடா தம்பி! இதற்கு யாராவது வைத்தியரிடம் போவார்களா?" என்று தமக்கையார் நமக்குச் சமாதானம் சொன்னார். ஒருநாள் இரவு கன்னம் வீங்கிவிட்டது. ஜுரம் அடித்தது, பையன் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் விடிய விடிய அழுதான். அவன் தாயார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டேயிருந்தாள்.

காலையில் பார்த்த பல் வைத்தியர் மிகவும் பொறுமைசாலி. கடைவாய்ப் பாற்பல் ஒன்றில் சொத்தை ஆழமாய் இறங்கி, கிருமிகள் வேர்வரை போய்ச் சீழ் கட்டியிருந்தது. மருந்து கொடுத்து வீக்கம் தணிந்தபின் பல்லை எடுத்தார். "அம்மா! இந்தக் கடைவாய்ப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து உழைக்க வேண்டியது. இதன் அடியில்தான் நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பல்தான் அதற்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது" என்றார். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும் என்பதையும், அந்த நேரத்தில் பல்லில் தேங்குகிற சர்க்கரைப் பாலை முறிக்க ஆளில்லை என்பதையும் விளக்கினார். பிறந்த குழந்தையின் வாயில் சொத்தைக் கிருமி கிடையாது. பல் முளைத்தபின், பெரும்பாலும் தாயாரிடமிருந்தோ வீட்டுப் பெரியவர்களிடமிருந்தோ, எச்சில் கரண்டியின் வழியாகவே வந்து சேருகிறது என்றும் சொன்னார்.

இதைக் கேட்டதும் எல்லாருடைய பார்வையும் பையனின் தாயார்மேல் திரும்பியது. நமது குடும்பங்களில் குழந்தைக்கு எது வந்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் தாயார்தானே! வைத்தியர் அதையும் கவனித்துவிட்டார். "குழந்தைக்கு ஊட்டுகிற அன்பில் குற்றம் ஒன்றுமில்லை. ஊட்டுகிற பெரியவர்கள் முதலில் தங்கள் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லி, தமக்கையாரைப் பார்த்து, "உங்கள் ஈறு எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார்.

தமக்கையாருக்குச் சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. பல் துலக்கினால் ரத்தம் வருகிறதென்று ஈறுப் பக்கம் துலக்குவதையே நிறுத்தியிருந்தார். ஆனால் ரத்தம் வருவது துலக்கியதால் அல்ல, சரியாகத் துலக்காததால். டென்மார்க் தேசத்தில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் 1965-ல் இதை நிரூபித்தார்கள். ஆரோக்கியமான சில இளைஞர்கள் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். சில வாரங்களில் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் குணமாகிவிட்டது. பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் படலம் தங்கினால், அங்கே வேறொரு கிருமிக் கூட்டம் தலையெடுக்கிறது. அதனோடு நம் உடம்பு சண்டை போடுகிறது. சண்டை நீடித்தால், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைகிறது.

*

அதே லோ அவர்கள்தாம் 1970-ல் இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண்களின் வாயை அவரும் தோழர்களும் பரிசோதித்து, 1985 வரையில் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். அந்தத் தொழிலாளிகள் நமது தமிழ் மக்கள். இங்கிருந்து கடல் கடந்து போன குடும்பங்களின் வழித்தோன்றல்கள். பல் துலக்கும் சாதனமோ பல் வைத்தியமோ அவர்களை எட்டியதில்லை. எல்லாருடைய பற்களிலும் படலமும் பற்காரையும் அப்பிக் கிடந்தன. ஆயினும் கண்டறிந்தவை இரண்டும் ஆச்சரியமானவை. முதலாவது, அவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. இரண்டாவது, அழுக்கு எல்லாருக்கும் ஒன்றுபோலிருந்தும் ஈறு நோய் ஒன்றுபோல் வளரவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு வேகமாக முற்றிப் பற்கள் உதிர்ந்தன. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு ஆரம்ப வீக்கத்தைத் தாண்டவேயில்லை.

இதனால் ஏற்படுகிற தெளிவு பெரிது. சொத்தை வேறு; ஈறு நோய் வேறு. கிருமி மட்டும் இருந்தால் சொத்தை வந்துவிடாது. அதற்குச் சர்க்கரையும் சேர வேண்டும். ஈறு நோயிலோ, கிருமியோடு அவரவர் உடம்பின் வாகும் சேருகிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். கெட்ட ஈறு சர்க்கரை வியாதியைக் கட்டுக்கடங்காமல் செய்யும். இருதயக் கதவுகள் பழுதுபட்டவர்களுக்கு, வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து அங்கே போய்த் தங்குவது உயிருக்கே ஆபத்து. வாய் தனி வீடல்ல. உடம்பென்ற பெரிய வீட்டின் வாசற்படி.

அப்படியானால் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழ்ந்த முன்னோர்கள் என்ன அறியாதவர்களா? இல்லவே இல்லை. அந்தப் பழமொழியில் வருகிற வேல், வேலமரம். வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள். குச்சி எதுவானாலும், நுனியை மென்று நார்போலாக்கி நிதானமாகத் தேய்த்தால் படலம் போகிறது. ஆனால் செங்கல் தூளும் கரித்தூளும் படலத்தோடு எனாமலையும் அரைத்துவிடும். புளோரைடு கலந்த பசைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கரைந்த இடத்தில் புளோரைடு சேர்ந்து கட்டினால், அது முன்னைவிட அமிலத்துக்கு அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். இதிலும் அளவு வேண்டும். குடிநீரில் புளோரைடு மிஞ்சினால் பல்லில் கறை விழும், எலும்பும் வளையும். அன்று சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூர் ஜில்லாவில் இந்த எலும்பு நோயை 1937-ல் ஷார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். இன்றும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அது தெரிந்த கஷ்டம். சிறு குழந்தைக்குப் பசை ஓர் அரிசியளவு போதும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணியளவு. துப்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குபேரலிங்கத்துக்கு அருகில் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. குறுகிய வழியில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நுழைந்து வர வேண்டும். எவ்வளவு பருமனான பக்தரும் அங்கே முயன்று பார்க்காமல் போவதில்லை. அந்தச் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கைப் பல்லிடுக்கின்மேல் காட்டினால் போதும். இரவு சாப்பாடு முடிந்து துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் போடாதிருத்தல். இனிப்பு வேண்டுமானால் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுதல். குழந்தையின் முதற்பல் முளைத்த அன்றிலிருந்தே துடைத்துவிடுதல். வலி வருமுன் வருஷத்துக்கு ஒரு முறையாவது வைத்தியரிடம் வாயைக் காட்டுதல். இவற்றுக்கு ஆகிற செலவு, ஒரு பல்லைப் பிடுங்குகிற செலவை விடக் குறைவு.

இந்த அறிவுக்கு நாம் ஒரு காசும் விலை கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் வேறு. விபெஹோல்மில் வாய் பேசத் தெரியாமலிருந்தவர்கள் கொடுத்தார்கள். ஈழத்து மலைகளில் கொழுந்துக் கூடைகளுக்கிடையே பல்லை இழந்த நம்மவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் வாயிலிருந்து எடுத்த பாடம் நமது குழந்தைகளின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டாமா? அடுத்த தீபத்தன்று மலையை நோக்கித் திறக்கிற சின்ன வாய்களில் வெள்ளைப் பற்களைப் பார்க்க நாம் ஆசைப்படுகிறோம். ஜோதி உச்சியில் தெரிந்தால் போதாது. சிரிப்பிலும் கொஞ்சம் தெரிய வேண்டும்.